குடிக்காதவரின் ஈரல்: கொழுப்பு ஈரல் நோய் வந்ததும் தணிந்ததும், ஓர் இரவுக் காவலரின் நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை 8 மணி. இரவு வேலையை முடித்த கையோடு சீருடையிலேயே என் மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) வந்தார் அவர். இருமல், ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வேண்டும் என்றார். வயது 49. சிங்கப்பூரில் கூட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றில் பாதுகாவல் அதிகாரி. மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை, வாரத்துக்கு ஆறு இரவு வேலை. நெஞ்சில் சளி இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் 142/90 காட்டியது. முன்பு எப்போதாவது சோதனை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பணப்பையைத் திறந்தார். வெள்ளித் தாள்களுக்குப் பின்னால் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மடிப்புகள் வெளுத்துக் கிழியத் தொடங்கியிருந்தன. வேலையிடத்தில் எடுத்த உடல்நலப் பரிசோதனையின் அறிக்கை, 2022 ஜூன் தேதியிட்டது. ஈரலில் மிதமான அளவு கொழுப்பு, மருத்துவரைப் பார்க்கவும் என்று ஒற்றை வரி. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

14 மாதங்களாக அந்தத் தாளை அவர் யாரிடமும் காட்டவில்லை. மனைவியிடமும் காட்டவில்லை.

“எங்கப்பா குடிச்சே ஈரல் போயி செத்தாரு டாக்டர். ரத்த வாந்தி எடுத்தப்போ பக்கெட்டப் புடிச்சது நான்தான். எனக்கு அப்போ பதினாறு வயசு. அன்னிலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. இத வீட்டுல காட்டுனா இவளே என்னை நம்ப மாட்டா.”

அவருடைய எண்களைவிட அந்த 14 மாதங்கள்தான் என்னை எழுத வைத்தன. நம் மக்களிடையே ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே போதும். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெயரிலேயே ஒட்டிக்கொண்ட மது

இந்தக் களங்கத்தில் மருத்துவத் துறைக்கும் பங்கு உண்டு. 1980ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் யூர்கன் லுட்விக்கும் அவருடைய சகாக்களும், மது அருந்தாத நோயாளிகள் சிலரின் ஈரல் திசு அப்படியே குடிகாரர்களின் ஈரல் போல இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அப்போது சூட்டிய பெயரின் முதற்சொல்லே ‘மது சாராத’ என்பதுதான். இல்லாத ஒன்றைச் சொல்லி நோய்க்குப் பெயர் வைத்ததால், அந்த இல்லாத ஒன்றைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். 43 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் மாதம், உலகின் ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய்’ என்று மாற்றின. இவர் என்னிடம் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

புதிய பெயர்ப்படி நோயை உறுதிசெய்ய ஈரலில் கொழுப்பு இருக்க வேண்டும். கூடவே, உடல் எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு என்ற ஐந்தில் ஒன்றாவது கோளாறாக இருக்க வேண்டும். இவருக்கு ஐந்துமே கோளாறு.

மது பற்றியும் கேட்டேன். நம்பவில்லை என்பதற்காக அல்ல. ஆண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 30 கிராமுக்கு மேல் போனால் நோயின் வகையே வேறு. 330 மில்லி பீர் ஒரு டின்னில் ஏறக்குறைய 13 கிராம் மது இருக்கிறது. அவரிடம் தனியாகக் கேட்டேன், பிறகு அவர் சம்மதத்தோடு மனைவியிடமும் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றே: கல்யாண வீட்டில்கூடத் தொட்டதில்லை.

சோதனைகள்

உயரம் 168 செ.மீ., எடை 79.2 கிலோ, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 28. சிங்கப்பூரில் ஆசிய உடல்வாகுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது, 27.5க்கு மேல் அதிக ஆபத்து என்று கணக்கு வைக்கிறோம். ஆனால் இவரை எதிரே பார்த்தால் குண்டானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கைகால் ஒல்லி, முகம் ஒட்டியது, சட்டைப் பொத்தான் மட்டும் வயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்கும். இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., ஆசிய ஆண்களுக்கு 90 தான் எல்லை. தெற்காசிய உடலின் வழக்கமே இதுதான். தோலுக்கடியில் சேர்த்துவைக்கும் இடம் குறைவு. அதனால் கொழுப்பு சீக்கிரமே குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய்விடுகிறது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 6.3 மில்லிமோல். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 9.1. இது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ட்ரைகிளிசரைடு 2.6, நல்ல கொழுப்பு 0.9, கெட்ட கொழுப்பு 4.1. ஈரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகளில் ஏஎல்டி 88, ஏஎஸ்டி 61. ரத்தத் தட்டணுக்கள் 205. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை. தைராய்டு சரி. இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சற்றுக் கூடுதல், 340. கொழுப்பு ஈரலில் இது அடிக்கடி காண்பதுதான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காசு பணம் இல்லாமல் எந்த மருந்தகத்திலும் போடக்கூடியது. வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஃபிப்-4. 1.3க்குக் கீழ் இருந்தால் ஈரலில் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். இவருக்கு 1.55. நடுவில் நிற்கும் இந்த எண்ணை அப்படியே விட்டுவிட முடியாது. பொது மருத்துவமனையின் ஈரல் பிரிவுக்கு அனுப்பினேன். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுக்கும் ஃபைப்ரோஸ்கேனில் ஈரலின் விறைப்பு 9.1 கிலோபாஸ்கல் என்று வந்தது. 8க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. கொழுப்பைக் காட்டும் அளவு 322, அதாவது கொழுப்பு மிக அதிகம். தழும்பு தொடங்கியிருக்கலாம், முற்றவில்லை. ஊசி குத்தித் திசு எடுக்கலாமா என்று பேசினார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் ஓராண்டு செய்ய வேண்டியது ஒன்றுதான் என்பதால் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, சோர்வுகூட இல்லை. இரவு வேலை பார்ப்பவருக்குச் சோர்வு ஒரு அறிகுறியா என்று அவரே கேட்டார்.

குதிர் நிரம்பிய கதை

கொழுப்பு தின்றால்தான் ஈரலில் கொழுப்பு சேரும் என்று அவர் நினைத்திருந்தார். ஆட்டிறைச்சியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது, ஒன்றும் மாறவில்லை. 2005ல் அமெரிக்க ஆய்வாளர்கள் தடம் காணக்கூடிய அணுக்களைப் பயன்படுத்தி, நோயாளிகளின் ஈரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அளந்து பார்த்தார்கள். நேராக உணவிலிருந்து வந்தது ஏறக்குறைய 15 விழுக்காடுதான். 59 விழுக்காடு உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. மீதி 26 விழுக்காடு ஈரல் தானே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்தது.

அவருக்கு நான் சொன்ன உவமை குதிர். அறுவடைக் காலத்தில் குதிரில் கொட்டி, பஞ்சத்தில் எடுத்துத் தின்பார்கள். ஈரலும் சாப்பிட்ட பிறகு சேர்த்து வைக்கும், பசித்தபோது எடுத்துக் கொடுக்கும். குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகக் கோத்துச் சேர்க்க ஏறக்குறைய 100 கிராம் அளவுக்குத்தான் இடம். அதற்கு மேல் வருவதைக் கொழுப்பாக்கிவிடும். இரவு முழுக்கத் தின்று, காலையில் இன்னும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் படுப்பவருடைய குதிர் எப்போதும் காலியாவதில்லை. இன்சுலின் சொல்லும் இரண்டு வேலைகளில் ‘சர்க்கரை விடாதே’ என்ற கட்டளையைக் கேட்காமல் போகும் ஈரல், ‘கொழுப்பு செய்’ என்ற கட்டளையை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த நோயின் கொடுமையே அதுதான். கொழுப்பு நிரம்பிய செல்கள் உப்பி, வீங்கி, அழற்சி உண்டாகி, தழும்பு நார் படரத் தொடங்கினால் அது அடுத்த கட்டம்.

இரண்டாவது முறை மனைவியும் வந்தார். கையில் கணவரின் ஃபிளாஸ்க். ஒரு லிட்டர் பிடிக்கும், மூடியின் நீலம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. இரவு முழுக்க இதுதான் அவருக்குத் துணை. எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டேன். “டின் பால் ஆறு கரண்டி டாக்டர். இவருக்குக் கெட்டியா இருந்தாத்தான் புடிக்கும்.” ஒரு மேசைக்கரண்டி டின் பால் 20 கிராம் என்றால் ஆறு கரண்டி 120 கிராம். அதில் சேர்த்த சர்க்கரை மட்டும் 50 கிராமுக்குக் குறையாது. இதோடு காவல் அறைக்குப் பக்கத்து இயந்திரத்தில் இரண்டு பாக்கெட் இனிப்பு பானம். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து இங்கே பாக்கெட்டுகளில் ஒட்டும் நியூட்ரி-கிரேட் குறியீட்டின்படி அது சி தரம், அதாவது 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை. 250 மில்லி இரண்டு பாக்கெட்டில் குறைந்தது 25 கிராம். ஒரு கவளம் சாப்பிடும் முன்பே 75 கிராம் சர்க்கரை. சாதாரணச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதில் பெரும்பங்கை ஈரல்தான் வாங்கிக்கொள்கிறது, தடையின்றிக் கொழுப்பாக மாற்றுகிறது.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் 75 கிராம் சர்க்கரையை நிறுத்துக் குவித்திருந்தார், பக்கத்தில் அந்த ஃபிளாஸ்க். கீழே ஒரு வரி: “இதயா நான் தினமும் குடுத்தேன்?” அவருக்கு உடனே போன் செய்தேன். இது யாருடைய குற்றமும் அல்ல என்று அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பாசத்தைக் கெட்டியாகக் கலந்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நள்ளிரவு 2 மணிக்கு முட்டைப் பரோட்டா ஒன்று, வெறும் பரோட்டா இரண்டு, குழம்போடு. காலை 8 மணிக்கு வீட்டில் குவித்த சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. அரை மணி நேரத்தில் தூக்கம்.

முதல் 12 மாதம்

எடையில் 5 விழுக்காடு குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி அடங்கும் வாய்ப்பு மிகுதி. 2015ல் கியூபாவிலிருந்து வந்த ஆய்வில், 293 நோயாளிகளை 52 வாரம் உணவிலும் நடையிலும் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எடை குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி அடங்கியது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஆனால் அந்த அளவுக்கு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் சேர்த்தே சொன்னேன். “அந்த ஒருத்தனா இருந்துட்டுப் போறேன்” என்றார்.

ஒரேயடியாகக் குறைக்கச் சொல்லவில்லை. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும். ஃபிளாஸ்க்கில் ஆறு கரண்டி நான்காகி, இரண்டாகி, ஏழாவது வாரத்தில் இஞ்சி தட்டிப் போட்ட பால் டீ, சர்க்கரை இல்லாமல். காப்பிக்கடையில் முதலில் ‘குராங் மானிஸ்’ (இனிப்பைக் குறைத்து), பிறகு ‘தே சி கோசோங்’ (சர்க்கரை இல்லாத பால் டீ). நள்ளிரவுக்கு வீட்டிலிருந்து கொண்டைக்கடலைச் சுண்டலும் இரண்டு அவித்த முட்டையும். பரோட்டாவை மட்டும் விடச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். ஞாயிறு காலை ஒன்று என்று ஒப்பந்தம். வேலை முடிந்து வந்ததும் சாப்பிடும் சோற்றைப் பாதியாக்கி, கீரையும் மீனும் கூட்டினார்கள். காவல் சுற்றை இதுவரை கூட்டாளியிடம் விட்டுவிட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தவர், இரவில் எல்லாச் சுற்றையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். எடை குறையாவிட்டாலும் நடை ஈரல் கொழுப்பைக் குறைக்கும் என்பதால் இதை நான் மிகவும் வற்புறுத்தினேன்.

ஈரலுக்கென்று மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அப்போது சிங்கப்பூரில் இந்த நோய்க்கென அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. ரெஸ்மெடிரம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2024 மார்ச்சில்; செமாகுளூடைடு ஊசிக்கு இந்த நோய்க்கான அனுமதி 2025 ஆகஸ்டில். கெட்ட கொழுப்புக்கு மட்டும் ஸ்டேட்டின் தொடங்கினேன். “அது ஈரலக் கெடுக்கும்ங்கிறாங்களே” என்று பயந்தார். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பானதே. இந்த நோயாளிகளின் உயிரை அதிகமாகப் பறிப்பது ஈரலல்ல, இதயம்.

மூன்றாம் மாதம் எடை 76.9, ஏஎல்டி 71. நான்காம் மாதம் எடை இன்னும் குறைந்திருக்க, ஏஎல்டி மட்டும் 104க்கு ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துருவிக் கேட்டதில், ஊரிலிருந்து வந்த மச்சான் ‘ஈரலுக்கு நல்லது’ என்று ஒரு மூலிகை மாத்திரை கொடுத்திருந்தார். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். கீழாநெல்லியோடு சீந்தில் கொடியும் இருந்தது. சீந்திலை உட்கொண்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவுசெய்திருக்கிறார்கள். நிறுத்தினோம், ஆறு வாரத்தில் 49க்கு இறங்கியது. மாத்திரைதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கால ஒற்றுமை அப்படித்தான் சொல்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று வளர்ந்தவர்கள் நாம். ஈரல் நோய் என்றதும் கை தானாக அங்கே போகிறது. குறைந்தபட்சம் மருத்துவரிடம் சொல்லிவிட்டாவது சாப்பிடுங்கள்.

ஆறாம் மாதம் 74.1 கிலோ, ஏஎல்டி 41. பன்னிரண்டாம் மாதம், 2024 ஆகஸ்ட்: எடை 71.4. அதாவது தொடக்கத்திலிருந்து 7.8 கிலோ, 9.8 விழுக்காடு குறைவு. இடுப்பு 89. ஏஎல்டி 27, ஏஎஸ்டி 25, ஃபிப்-4 1.09. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6. ரத்த அழுத்தம் மருந்தில்லாமலே 124/78. ஸ்கேனில் கொழுப்பு அளவு 322லிருந்து 241, விறைப்பு 9.1லிருந்து 6.2.

அந்த விறைப்பு இறங்கியதைத் தழும்பு மறைந்ததாக நான் எழுதவில்லை. அழற்சி அடங்கினாலும் ஈரல் இளகும். தழும்பு எவ்வளவு பின்வாங்கியது என்பதைத் திசுதான் சொல்லும்.

என் தவறு

அன்று எண்களைப் பார்த்த மகிழ்ச்சியில் அவர் தோளைத் தட்டி, “சரியாயிடுச்சு” என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சரியானது வேறு, தணிந்தது வேறு. கொழுப்பு வெளியேறியிருந்தது. இன்சுலினுக்கு மந்தமாகச் செவிசாய்க்கும் உடம்பும், இரவு வேலையும், பரம்பரையும் அப்படியேதான் இருந்தன. தணிவு என்ற சொல்லை அன்று பயன்படுத்தியிருந்தால், அடுத்த சோதனைக்கான தேதியையும் அதனோடு சேர்த்தே கொடுத்திருப்பேன். சரியாகிவிட்டவர் எதற்காக மருந்தகம் வரவேண்டும்?

2025 ஜனவரியில் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பகலில் மருத்துவமனை, இரவில் வேலை, நடுவில் நான்கு மணி நேரத் தூக்கம். உணவங்காடியில் கிடைத்ததைச் சாப்பிட்டார். ஃபிளாஸ்க்கில் டின் பால் திரும்பி வந்தது. இரண்டு முறை முன்பதிவை ரத்துசெய்தார். ஏப்ரலில் மனைவி கட்டாயப்படுத்தி அழைத்துவந்தபோது எடை 75.3. குறைத்ததில் பாதி திரும்பிவிட்டது. ஏஎல்டி 58. ஸ்கேனில் கொழுப்பு 289, விறைப்பு 7.0. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டதற்கு, “உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது டாக்டர்” என்றார். அறிக்கையை 14 மாதம் மறைக்க வைத்த அதே வெட்கம்தான். இந்த முறை அதற்கு நானும் ஒரு காரணம். நான் அப்போது சொன்ன சொல் தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்; எடை சற்று ஏறுவதும் இறங்குவதும் இந்த நோயின் இயல்பு, ஏறும்போதுதான் முதலில் என்னிடம் வரவேண்டும் என்றேன்.

இரண்டாம் முறை எளிதாக இருந்தது. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தழும்பு முற்றிய நிலை இல்லாததாலும், முன்பு ஒருமுறை தானே செய்து காட்டியவர் என்பதாலும், ஆறு மாதம் பார்ப்போம் என்று முடிவுசெய்தோம். அந்த வாசலை அடைக்கவில்லை; மற்றொருவராக இருந்திருந்தால் ஊசியைப் பரிந்துரைத்திருக்கக்கூடும். கூட்டாளியிடம் பேசி வாரத்துக்கு ஐந்து இரவாக வேலையைக் குறைத்துக்கொண்டார். சம்பளம் குறைந்தது. மனைவி பகுதிநேர வேலைக்குப் போகத் தொடங்கினார். உணவுப் பட்டியல் எதையும்விட இந்த ஓர் இரவுத் தூக்கம்தான் அதிகம் உதவியது என்பது என் கணிப்பு.

2025 நவம்பரில், தீபாவளிப் பலகாரமெல்லாம் கடந்த பிறகு, எடை 72.0, ஏஎல்டி 31, கொழுப்பு 255, விறைப்பு 6.4. ஈரல் பிரிவு ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் போதும் என்கிறது. என்னிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் இடுப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும். ஸ்டேட்டின் தொடர்கிறது.

அந்த முறை தன் மகனையும் கூட்டிவந்தார். 23 வயது, தேசிய சேவை முடித்து ஒரு வருடம். அப்பாவின் கைகால், அப்பாவின் வயிறு, இடுப்பு 92. நான் கேட்கும் முன்பே தந்தை பணப்பையைத் திறந்து, அந்தப் பழைய தாளை மேசைமேல் பிரித்து, மகன் பக்கமாகத் திருப்பி வைத்தார். “தாத்தாவுக்கு வந்தது குடியால. எனக்கு வந்தது இது. நீ பாத்துக்க” என்றார். பையனுக்கு ஏஎல்டி 47 வந்திருக்கிறது. அடுத்த வாரம் அல்ட்ராசவுண்ட்.